நோர்வேயிலிருந்து வந்த கன்வேட்டர்

யூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து சோளகக் காற்று. முற்றம் கூட்டிக் கை ஓய்ந்தது. கூட்டி முடிய மறுபடி வேப்பஞ்சருகு. உடுப்புத் தோய்க்கவில்லை.

கஜனின் பெரியம்மா நோர்வேக்கு அவரிடம் போய்த் திரும்பி வந்திருக்கிறார். கொண்டு வந்து தந்தவை: சொக்லேட் இரண்டு பெட்டி, அப்பாவுக்கு ஸ்வெட்டர் (இந்த வெக்கைக்கு!), எனக்கு என்று கஜன் கொடுத்துவிட்ட சின்னக் கறுத்தப் பெட்டி. அம்மா நகை என்று நினைத்துக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். திறந்தால் டிஜிட்டல் கன்வேட்டர். அம்மாவின் முகம் போன போக்கு!

பொருத்தம் சரி என்று சாத்திரியார் சொன்ன நாளிலிருந்து கஜன் இந்த வீட்டில் “மாப்பிள்ளை”. எனக்கு இன்னும் க. தான். போனில் கதைக்கத் தொடங்கி இரண்டு மாதம். அவருக்கும் பாட்டுக் கேட்கிற பைத்தியம், எனக்கும். மற்ற எதைக் கதைத்தாலும் இடையில் நின்றுவிடும். அம்பிளிபயர், ஸ்பீக்கர் என்றால் கதை ஓடும்.

ஒரு சந்தேகம். என்னோடு விவசாயக் கந்தோரில் வேலை செய்து கனடாவுக்குப் போனவரிடம் நான் வாங்கிய அம்பிளிபயருக்குள் ஏற்கெனவே ஒரு கன்வேட்டர் இருக்கிறது. போனில் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஸ்பீக்கருக்கு ஏற்ற மாதிரி மாற்றுவதுதான் அதன் வேலை. அது ஒழுங்காகச் செய்கிற வேலைக்கு இன்னொரு ஆள் எதற்கு? க. சொல்வது: இதை அம்பிளிபயரோடு இணைத்துப் பூட்டினால் உள்ளே இருப்பது சும்மா இருக்கும், இது அதைவிடத் திறம், குரல் முன்னுக்கு வரும். பார்ப்போம்.

நாளை: நீர்வேலி, வாழைக்கு நோய் பார்க்க. ஸ்கூட்டிக்குப் பெற்றோல்.

யூலை 7, திங்கள்

வேலையால் வந்து முகம் கழுவமுதல் பெட்டியைப் பூட்டினேன். போன வருடத் திருவிழாவில் பதிந்த நாதஸ்வரக் கச்சேரி. சத்தியமாக வித்தியாசம்! தவில்காரர் எழும்பி வந்து என் முன்னால் இருந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போனில் க. அம்மா எப்போதும்போல எல்லாருக்கும் கேட்கப் போனை ஸ்பீக்கரில் போட்டார். எங்கள் வீட்டில் காதல் பேச்சு என்றாலும் மூன்று பேர் கேட்க வேண்டும்.

“பூட்டினீரோ? வித்தியாசம் கேக்குதோ?”

“ஓம் போலத்தான் கிடக்கு. இன்னும் கொஞ்சம் கேட்டுப் பாத்து...”

அம்மா கண்ணை உருட்டினார். சத்தமில்லாமல் வாயசைத்து, “ஓம் எண்டு சொல்லன்!”

“ஓம், நல்ல வித்தியாசம்,” என்றேன். “குரல் முன்னுக்கு வருது.”

அவர் சிரித்த சிரிப்பு! “இஞ்சை சிநேகிதர் ஒருத்தருக்கும் உது விளங்காது. நீர் கேப்பீர் எண்டு எனக்குத் தெரியும்.”

சந்தோஷமாக இருந்தது. நான் மட்டும் வாசிக்கிற என் கொப்பியில் அதை மறைப்பானேன்.

யூலை 9, புதன்

இன்றும் நீர்வேலி. ஒரு தோட்டத்தில் நோய் பிடித்த ஐந்தாறு வாழையை வெட்டச் சொன்னேன். தோட்டக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் நான் போகும்போது ஒரு சீப்புக் கதலிப்பழம் தந்தார்.

பின்னேரம் அப்பா செய்தி கேட்டுக்கொண்டிருந்தவர் என் அறைக்கு வந்து நின்றார். “பிள்ளை, உந்தப் பெட்டி வந்தாப் பிறகு நீ சத்தம் கூட வைக்கிறாய். எனக்குச் செய்தியிலை ஒரு இழவும் விளங்கேல்லை.”

“நான் தொடேல்லை அப்பா. பழைய அளவுதான்.”

“அப்ப பெட்டி தொட்டிருக்கு.”

போனில் சத்தம் அளக்கிற செயலியைப் போட்டுப் பார்த்தேன். அப்பா சொன்னது சரி. அதே அளவில் வைத்தாலும் பெட்டி வழியாக வரும்போது சத்தம் கொஞ்சம் கூட. அவ்வளவுதான் சங்கதி. சத்தம் கூடினால் எந்தப் பாட்டும் நல்லாய்த்தான் இருக்கும்.

பெட்டியோடும் பெட்டி இல்லாமலும் சத்தத்தை ஒரே அளவாக்கிக் கேட்டேன். தவில்காரர் எழும்பிப் பழைய இடத்துக்குப் போய்விட்டார்.

யூலை 10, வியாழன்

அப்பாவை அம்பிளிபயருக்குப் பக்கத்தில் இருத்தி, நான் சுவரைப் பார்த்து இருந்தேன். அவர் விரும்பினபடி மாற்றி மாற்றிப் போட, பெட்டியா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். பாதி சரி, பாதி பிழை. காசைச் சுண்டிப் பார்த்தே சொல்லியிருக்கலாம்.

“எனக்கு ரெண்டும் ஒண்டுதான். நாயனம் நாயனமாத்தான் கேக்குது,” என்றார் அப்பா. பிறகு அவருக்கு அலுத்து, மாற்றாமலே மாற்றினேன் என்று சொல்லியிருக்கிறார். அதிலும் நான் வித்தியாசம் கேட்டேன்! வெட்கம்.

க.விடம் சொல்ல வேண்டும் என்றேன். அம்மாவுக்குக் கொதி.

“மனுசன் ஆசையா அனுப்பினதைப் போய் ஒண்டுக்கும் உதவாது எண்டு சொல்லுவியே? முப்பத்திரண்டு வயசிலை உனக்கு வந்த நல்ல சம்பந்தமடி. ஒரு ஓம். உனக்கென்ன நாக்குத் தேயுதோ?”

சொல்லவில்லை. போன் வந்தது, எடுக்கவும் இல்லை. பிள்ளை குளிக்கிறாள் என்று அம்மா எடுத்துச் சொன்னார்.

யூலை 12, சனி

க.வின் குரல்பதிவு. எத்தனை தரம் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

“எங்கடை வீட்டு ஹோலுக்கு இதைவிடப் பெரிய கன்வேட்டர் ஒண்டுக்கு ஓடர் குடுத்திட்டன். நீர் சொன்னபடியாத்தான் துணிஞ்சனான். இவ்வளவு நாளும் எல்லாரும் என்னை விசர் எண்டவை. நான் கேக்கிறதைக் கேக்கிற ஒராள் நீர்தான். அதுதான் எனக்கு உம்மைக் கட்ட விருப்பம்.”

அதுதான். வேலையைப் பார்த்து இல்லை, முகத்தைப் பார்த்து இல்லை. என்னிடம் இல்லாத காதைப் பார்த்து.

லீவில் ஊருக்கு வந்து, வியாழக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறாராம். சமைக்கப் போய் உப்பு இரண்டு தரம் போட்டேன். மின்விசிறியைப் போட்டேன், நிற்பாட்டினேன். கதிரையை அறைக்குள் மூன்று இடம் மாற்றி வைத்துக் கேட்டேன். கதிரை மாறும்போது சத்தம் மாறுகிறது, பெட்டி மாறும்போது மாறவில்லை. இதை யாருக்குச் சொல்ல!

யூலை 14, திங்கள்

கந்தோருக்குப் போக முதல் ஆஸ்பத்திரி. காதில் ஊத்தை இருக்கலாம், எடுத்தால் கேட்கலாம் என்று ஒரு நப்பாசை. டொக்டர் பிள்ளை வெளிச்சம் அடித்துப் பார்த்தார். “ரெண்டு காதும் நல்ல துப்புரவு அக்கா. என்ன, கேக்கேல்லையோ?”

“கேக்குது. கூடக் கேக்க வேணும்.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஊத்தை இருந்திருந்தால் எவ்வளவு நல்லது.

அங்கிருந்து கந்தோருக்குப் போகாமல் நேரே கீரிமலை. ஏன் போனேன் என்று தெரியாது. கடலைப் பார்த்துக்கொண்டு வறுத்த கச்சான் தின்றேன். அரைநாள் லீவு வீண்.

எனக்கு அவரைப் பிடிக்கும். அதுதான் கரைச்சல். பிடிக்காவிட்டால் இந்தப் பொய் எனக்கு ஒரு பொருட்டில்லை.

யூலை 17, வியாழன்

வந்தார். போனில் தெரிவதைவிட உயரம். வெயிலில் முகம் சிவந்து போயிருந்தது. அம்மா றோல்ஸ், வடை, கேக், எல்லாம் ஒரே தட்டில். அப்பா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். நல்ல காலம், அம்மா அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

க. என் அம்பிளிபயருக்கு முன்னால் நிலத்திலேயே இருந்துவிட்டார். “எங்கை, போடும் பாப்பம்.”

போடவில்லை. ஒரே மூச்சில் சொன்னேன். “சத்தத்தைச் சமனாக்கிக் கேட்டுப் பாத்தன். எனக்கு ஒரு வித்தியாசமும் கேக்கேல்லை. அண்டைக்கு அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டன். பிழை எண்டு தெரிஞ்ச பிறகும் உங்களுக்குச் சொல்லேல்லை.”

“ஒண்டும் கேக்கேல்லையோ?”

“ஒண்டும்.”

நீங்களும் ஒருக்கால் பார்க்காமல் கேட்டுப் பாருங்கோ என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். பெட்டியைத் தொட்டார், கையை எடுத்தார். பிறகு, “அப்ப கலியாணத்துக்கும் இப்பிடித்தானோ ஓம் எண்டனீர்?”

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். எப்போது ஓம் சொன்னேன் என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை. பொருத்தம் வந்த அன்று நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். பிள்ளைக்கு விருப்பம்தான் தம்பி என்று போனில் சொன்னது அம்மா.

“அதுக்கு நான் ஓம் எண்டே சொல்லேல்லை,” என்றேன். “அம்மாதான் சொன்னவ.”

அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. நேரே பார்த்தார். “அப்ப உம்மட்டைக் கேக்கிறன். என்னைக் கட்டிக்கொண்டு நோர்வேக்கு வர உமக்கு விருப்பமோ?”

குசினியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது.

“உங்களிலை விருப்பம் இருக்கு. நோர்வேக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை. என்ரை வேலை இஞ்சை. நான் யோசிக்க வேணும்.”

“எப்ப சொல்லுவீர்?”

“தெரியாது. அம்மாட்டைக் கேக்காதேங்கோ. ஸ்பீக்கரிலை போடாமல் என்னட்டைக் கேளுங்கோ.”

சரி என்று சொல்லிவிட்டு எழும்பினார். தட்டில் ஒன்றும் தொடவில்லை. வாசல் படலையில் நின்று திரும்பிப் பார்த்து, பின்னேரம் போன் எடுக்கிறன் என்றார்.

எடுத்தார். போனை அம்மாவின் கையில் இருந்து நான் வாங்கினேன்.