சமையற்கட்டு வரை வந்த கோடு

அன்புள்ள கோகிலனுக்கு,

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள் அய்யா, போனில் பேசினால் இந்த வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் உன் அப்பா காதில் விழுந்துவிடும், அதனால் அவரும் உன் தங்கை தனுஜாவும் தூங்கட்டும் என்று காத்திருந்தேன். நாங்கள் எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. நீ அங்கே கூச்சிங்கில் வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே இந்த அம்மாவுக்குப் பாதி சுகம். இருமல் விட்டதா? மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டாதே. இங்கேயும் விடாத மழைதான், அப்பாவின் லோரி செம்பனைக் குலை ஏற்றத் தோட்டத்துக்குள் போக முடியாமல் வீட்டு வாசலிலேயே நிற்கிறது, உலு யாமில் அமராவதி அத்தை மேல்மாடி கட்டி முடித்துவிட்டு வந்து பார்க்கச் சொல்லி ஓயாமல் கூப்பிடுகிறாள்.

ஆற்றங்கரையில் மண் பிளந்திருப்பதைப் படம் எடுத்து அனுப்பினேன் அல்லவா, அதை அப்பாவும் தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் தனபாலன் மாமாவும் போய்ப் பார்த்துவிட்டு, “வெயில்ல வெடிச்சது லா, நல்லா ஒரு மழ பேஞ்சா தானா மூடிக்கும்” என்று சிரித்துக்கொண்டே வந்தார்கள். மழை பெய்தது, மூடவில்லை. பிறகு பின்பக்கம் துணி துவைக்கும் சிமெண்டுத் தரையில் ஒரு கீறல் வந்தது, அதற்கு லோரியைப் பின்னால் எடுத்தபோது டயர் ஏறியிருக்கும் என்று அப்பாவே பழியை ஏற்றுக்கொண்டார். நானும் நம்பினேன். இந்த வாரம் டியூஷன் பிள்ளைகளுக்கு நேர்கோட்டுச் சமன்பாடு சொல்லிக்கொடுத்தேன், இரண்டு புள்ளியை வைத்துச் சாய்வைக் கண்டுபிடி, சாய்வு தெரிந்தால் ஒரு புள்ளியைப் போட்டுப் பார்த்து c என்னவென்று சொல் என்று பேசிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன், துவைக்கும் தரையும் அதற்கு நேராக ஆற்றங்கரையும் ஒரே பார்வையில் தெரிந்தன, இரண்டு வெடிப்பும் ஒரே கோட்டின் இரண்டு புள்ளிகள்போல் பட்டன.

பிள்ளைகள் போனதும் அப்பாவின் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சமையற்கட்டுப் பின்கதவின் நிலையைப் பூஜ்யமாக வைத்தேன், ஆற்றைப் பார்த்து நின்றால் சுவரோடு வலப்பக்கம் போவது x, ஆற்றை நோக்கிப் போவது y. எல்லாம் அடிக்கணக்கு. கரைப் பிளவு (12, 40), துவைக்கும் தரைக் கீறல் (6, 16). சாய்வு நான்கு, ஆகவே y = 4x − 8. நீயும் போட்டுப் பார். அப்பாவிடம் காட்டினால், “ரெண்டு வெடிப்பயும் நீ கோடு போட்டு சேத்துட்டா ஒண்ணாயிடுமா டீச்சரம்மா? என் தலையில ஒண்ணு, ஒன் தலையில ஒண்ணு புள்ளி வச்சாலும் கோடு வரத்தான் செய்யும்” என்றார். தனுஜா வேறு “கோட்டுக்கு நம்ம அட்ரஸ் யாருப்பா குடுத்தது?” என்று அவரோடு சேர்ந்துகொண்டாள். கேலி செய்தாலும் அப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. எந்த இரண்டு புள்ளிக்கும் ஒரு கோடு உண்டு, மூன்றாவது புள்ளியும் அதில் விழுந்தால்தான் பயப்பட வேண்டும்.

சுவரில் y பூஜ்யம் என்றால் x இரண்டு. கதவு நிலையிலிருந்து இரண்டாவது அடி, நம் சமையல் கேஸ் தோம்பு நிற்கிற இடம். தீபாவளிக்குத் தீபாவளி பழைய ரப்பர் விரிப்பை, அந்தத் திக்காரை எடுக்காமல் அதன்மேலேயே புதிதை விரித்துவிடுவோமே, தரையைக் கண்ணால் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. தோம்பை நகர்த்திவிட்டு ஒவ்வொரு திக்காராக உரித்தேன். கீறல் இருக்கிறது அய்யா. தலைமுடி கனம்தான், ஆனால் சுவருக்கு அடியிலிருந்து வந்து உள்ளே போகிறது. இனி x பூஜ்யத்துக்கு y என்னவென்று நான் எழுத வேண்டியதில்லை, கழித்தல் எட்டு, கதவு நிலைக்கு நேர் உள்ளே எட்டடி, அது தனுஜா அறையின் வாசல்.

அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். திக்காரை விரித்து, தோம்பைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டு, “பழைய வீடுன்னா கீறல் இருக்கும். மவன் இந்த மண்ணு வெவகாரத்தத்தான படிக்கிறான், அவன் போகச் சொன்னா போவலாம்” என்றார். அவர் கையால் கட்டிய வீடு, நான் சொன்னால் கேட்க மாட்டார். பௌர்ணமி நெருங்குகிறது, கடல் ஏறும்போது ஆறும் கரை மட்டத்துக்கு வரும், பிளந்த மண் வீட்டோடு ஆற்றில் சரிந்தாலும் சரியும், அதற்கு முன்னால் எல்லாரும் அத்தை வீட்டுக்குப் போய்விட வேண்டும். நான் கோடு நேராகப் போகும் என்று நினைப்பது தப்பு, மண் அப்படி விடாது என்று நீ சொன்னால் சந்தோஷமாகத் தோற்றுப்போவேன். தப்பில்லை என்றால் எனக்கு எழுதுவதோடு நிறுத்தாமல் அப்பாவைக் கூப்பிட்டு நீயே சொல்.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா உஷாராணி

பி.கு. எழுதி முடித்துவிட்டுத் தனுஜாவைப் பார்க்கப் போனேன். அவள் அறைக் கதவு நேற்று வரை ஒழுங்காக மூடியது, இப்போது மேலே நிலையில் இடிக்கிறது, எவ்வளவு தள்ளியும் மூடவில்லை. அவளை எழுப்பி முன் ஹாலில் படுக்க வைத்திருக்கிறேன். சீக்கிரம் பதில் போடு அய்யா.