ரோஷெல் பெயரில் ஒரு வழக்கு

மார்ச் 4
கழிவுநீர்க் குழாய் மறுபடியும் உடைந்துவிட்டது. அறைக்குள் கணுக்கால் அளவு சாக்கடை. ஏதோ நான்தான் உடைத்தது போல ரோஷெல் என்னைத் திட்டுகிறாள். இந்தப் பெண்கள் சிறையில் வேறு ஆளே இல்லையா, இவளோடுதானா என்னைப் போட்டுப் பூட்ட வேண்டும்?

மார்ச் 9
ரோஷெலின் காலில் சீழ். காவலர் ஸ்டாடர்டிடம் காட்டினாள். "சோப்பு போட்டுக் கழுவு" என்றான்.

மே 2
இந்தச் சாக்கடை பற்றி வழக்குப் போட நான் அனுப்பிய மனு திரும்பி வந்துவிட்டது. இதற்கு முன் நான் போட்ட மூன்று வழக்குகளும் வீண் வழக்குகள் என்று தள்ளுபடியானவை. ஆகவே மற்றக் கைதிகளைப் போல எனக்குத் தவணை கிடையாது, நீதிமன்றக் கட்டணம் முழுவதையும் முன்பே கட்ட வேண்டுமாம். உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் விலக்கு. எனக்கு ஆபத்து இல்லையாம்! ஒரு ராத்திரி இங்கே வந்து படுத்துப் பார்க்கட்டும் அந்த நீதிபதி.

மே 3
ரோஷெல் இதுவரை ஒரு வழக்கும் போட்டதில்லை.

"உன் பேர்ல போடலாம். கட்டணத்த மாசாமாசம் கொஞ்சமா பிடிப்பாங்க."

"யார் கணக்குல?"

"உன் கணக்குலதான்."

"உன் திமிருக்கு நான் காசு கட்டணுமா? போடி!"

சாயங்காலம் வீங்கிய காலைத் தடவிக்கொண்டே, "எழுதித் தொலை" என்றாள்.

ஜூலை 11
ரோஷெலின் சலவைக்கூடச் சம்பளத்தில் வழக்குக் கட்டணத்தைப் பிடித்துவிட்டார்கள். அவளுக்குக் காபிப்பொடி வாங்கக் காசில்லை. காலிக் கோப்பையை என் மேல் எறிந்தாள்.

செப்டம்பர் 12
வழக்கு ஏற்கப்பட்டது. உடனே ஸ்டாடர்ட் வந்து அவளிடம் குழைந்தான்: "வாபஸ் வாங்கு, மாடியில காஞ்ச அறை தர்றேன்." அவன் பின்னாலேயே போனாள். துரோகி. தெரியும் எனக்கு.

— திரும்பி வந்துவிட்டாள்!

"கட்டுன காசத் திருப்பித் தருவாங்களான்னு கேட்டேன். தர மாட்டாங்களாம். வாபஸ் வாங்குனாலும் மிச்சத்தையும் பிடிப்பாங்களாம். அப்புறம் நான் எதுக்குடி விடணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

ஜனவரி 22
நீதிமன்ற உத்தரவு. தரையைத் தோண்டிக் குழாய் மாற்றுகிறார்கள். எங்களைத் தனித்தனி அறைகளில் போட்டார்கள். போகும்போது ரோஷெல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி எதிரே வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் பெரிய கட்டி.

"நீதான வெர்னா? ரோஷெல் சொன்னா, 'அவ ஒரு விஷம், ஆனா நல்லா எழுதுவா'ன்னு." குரலைத் தாழ்த்தினாள். "நான் இதுவரைக்கும் வழக்கே போட்டதில்ல."