காய்ச்சல் விட்ட காலை

தம்பி சுக்கு, உன் படத்துக்கு வைக்கச் சொல்லி, நீ வேலை பார்த்த கொடிக்கால்காரர் இன்று ஒரு கட்டு வெற்றிலை கொடுத்தனுப்பினார். பிரித்ததும் அந்தக் கார வாசனை வீடெல்லாம் ஏறிவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்த தம்பியிடம் கோபப்படலாமா என்று ஊரில் கேட்கிறார்கள். அக்கா பேச்சை மதிக்காமல் செத்தவனை வேறென்ன செய்ய?

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை. வெற்றிலை லட்சுமி. சரி. கொடி படர நட்ட அகத்தியின் கட்டை உன் உள்ளங்காலில் ஏறியதை அந்த மரியாதையில் சேர்த்துக்கொள்வோம். அந்தப் புண்ணோடு மறுநாளும் சேற்றில் இறங்கினாயே, அது எதில் சேர்த்தி?

"ஆஸ்பத்திரிக்கு வாடா" என்றேன்.

"போக்கா. இந்தச் சேத்துலயே வளந்த ஒடம்பு. எம்புட்டு விஷத்தப் பாத்திருக்கும்! எல்லாம் பழகிப்போச்சு."

முழங்கால்வரை வீங்கியது. உடம்பு அடுப்பாகக் கொதித்தது. நான் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன். காலையில் தொட்டுப் பார்த்தால் குளிர்ந்து கிடந்தாய்.

"பாத்தியா, காய்ச்சல் விட்டுருச்சு. ஆட்டோக்காரன வரவேணாம்னு சொல்லு. மொதல்ல நீ இட்லியத் தின்னு. ஒம் மூஞ்சியப் பாத்தா எனக்கு முந்தி நீ போயிருவ போல" என்று சிரித்தாய். நானும் நம்பி, உட்கார்ந்து தின்றேன். வெயில் ஏறும்போது உன் பேச்சு குழறியது. மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தும் நீ திரும்பவில்லை.

"காய்ச்சல்தான் விட்டுருச்சே தாயி, பெறகு எப்பிடி?" என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். "ரத்தத்துல காவல் அணுக்கள் இருக்கும்மா. கிருமியோட விஷம் பட்டா அதுகதான் சண்டை போடும். காய்ச்சலும் வீக்கமும் அந்தச் சண்டைதான். சண்டை மிஞ்சினா நம்ம ஒடம்பே வெந்துபோகும். அதனால அதுகளே கொஞ்சம் அடங்கிக்கிரும். அது நல்லதுக்குத்தான். ஒங்க தம்பிக்குக் கிருமி சாகுறதுக்கு முந்தியே அதுக ஓஞ்சுபோச்சு. விஷம் பழகி, கண்டுக்கிறாம விட்ருச்சு."

நாய் குரைப்பதை நிறுத்தியதும் திருடன் போய்விட்டான் என்று இருந்திருக்கிறோம்.

நீ பீற்றிக்கொண்ட 'பழகிப்போச்சு' இதுதான். அந்தச் சொல்லை இப்போது யார் சொன்னாலும் அறையத் தோன்றுகிறது. இப்போது நான் கொடிக்காலுக்குள் வேலைக்குச் செருப்போடுதான் போகிறேன். "லட்சுமிய மிதிக்கிறியே, வெளங்குமா?" என்று கொடிக்கால்காரர் கத்தினார். "வெறுங்கால்ல மிதிச்சவன் வெளங்கிட்டானா?" என்று கேட்டேன். அதற்குப் பதிலாக இன்று இந்த வெற்றிலைதான் வந்திருக்கிறது.

அவரோடு சண்டை தீர்ந்தது. உன்னோடுதான் தீரவில்லை. நீ படுத்ததிலிருந்து நான் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் இருந்தது உனக்குத் தெரியும். அந்தக் காலையில் நிசமாகவே சுகம் என்று நினைத்துச் சிரித்தாயா, இல்லை, நான் இட்லி தின்னட்டும் என்று சிரித்தாயா?