குரூசரின் பின் சீற்

என்ரை அப்பா,

நீங்கள் போய்ப் பதினொரு மாதம். இந்த மாதம் வரை அம்மா வீட்டுப் படலை தாண்டவில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால், "அப்பாவின்ரை முதலாண்டு ஆட்டைத்திவசம் முடியட்டும் பிள்ளை" என்பார். சந்தைக்கு என்றால் கால் உளைவாம், ஓட்டோ என்றால் குலுக்குமாம். முப்பது வருடம் மோட்டார் சைக்கிளில் உங்கள் பின்னால் இருந்து ஊர் பார்த்தவர், வேறு எதில் ஏறுவார்?

அதனால்தான் உங்கள் பழைய ஆசையை நான் கையில் எடுத்தேன். கால் நீட்டி ஓட்டுகிற, பதிந்த குரூசர் மோட்டார் சைக்கிள். வீதியில் ஒன்று போனால் கதையைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பீர்களே, அந்த வகை. நிறுத்தியிருந்த வாகன இறக்குமதி திரும்பத் திறந்து, யாழ்ப்பாணக் கடையில் இரண்டு மாதிரிகள் வந்திருந்தன.

இரண்டு கிழமை கொப்பியில் கோடு போட்டு ஒப்பிட்டேன். ஒன்று இருநூற்றிருபது சிசி, மற்றது முந்நூற்றைம்பது. சின்னது பெற்றோல் குறைவாகக் குடிக்கும், பாரமும் குறைவு. பெரியதற்குப் பிரேக் நல்லது, ஆனால் விலை கேட்டால் தலை சுற்றும். சின்னதுதான் என்று முடிவெடுத்தேன். என் கெட்டித்தனத்தில் எனக்கே பெருமை.

"நீங்கள் வந்து பார்த்தால்தான் வாங்குவன்" என்று அடம்பிடித்து, சித்தப்பாவின் காரில் அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போனேன். சேலையோடு ஒரு பக்கமாக ஏறி இருந்தவர் சறுக்கினார். கால் வைக்கத் தட்டில்லை. சீற்றோ உள்ளங்கை அகலம்.

"ரெண்டு பக்கமும் கால் போட்டு இருங்கோ அம்மா," என்றார் கடைக்காரர். அம்மா பார்த்த பார்வையில் அவர் விலைப்பட்டியல் எடுக்க உள்ளே போய்விட்டார்.

என் கொப்பியில் பின் சீற்றுக்கு ஒரு வரிகூட இல்லை, அப்பா. நீங்கள் எந்தக் கடையிலும் விலை கேட்குமுன் அம்மாவை ஏற்றி இருத்திப் பார்ப்பீர்கள். "ஓடுறவனுக்குப் பிடிக்கக் கைபிடி இருக்கு. பின்னுக்கு இருக்கிறவவுக்கு என்ன இருக்கு?" என்பீர்கள். கடைக்காரர்கள் சிரிப்பார்கள். வெட்கத்தில் நான் தள்ளி நிற்பேன். அதை எப்படி மறந்தேன்?

பெரியதின் சீற் அகலம். சாய்மானமும், சேலைக்காரருக்குக் கால்தட்டும் பூட்டித் தருவார்களாம். அம்மா ஏறி இருந்து சாய்மானத்தைத் தடவினார்.

"இது நல்லது பிள்ளை. முன்னுக்குச் சாய ஆளில்லைத்தானே."

கொப்பியை மூடிவிட்டு, பெரியதையே கேட்டேன்.

நேற்று அதில் உடுவில் வீட்டுக்கு வந்தோம். கொக்குவில் தாண்டும்வரை அம்மா சாய்மானத்தில் விறைத்துப்போய் இருந்தார். மருதனார்மடச் சந்தியில் பிரேக் பிடித்தபோது அவரது ஹெல்மெற் என் முதுகில் முட்டியது. சந்தி தாண்டிய பிறகும் அவர் தலையை எடுக்கவில்லை. முதுகு நோகத்தான் செய்தது. "மெதுவாய்ப் போவன்," என்றார், உங்களிடம் சொல்லுகிற அதே குரலில். ஏற்கெனவே மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மயிலிட்டிக்கு மீன் வாங்கப் போகிறோம். அம்மாதான் கேட்டார். அவரைப் பத்திரமாகக் கூட்டிப்போய்க் கூட்டிவருவேன், அப்பா.

இப்போது முன்னால் இருக்கும்,
உங்கள் மகள்