புண்ணை ஆற்ற வந்தவர்கள்

என் ஆசை அண்ணனுக்கு,

நீ போய்ப் பதினோரு மாதமாகிறது. அண்ணி ஏதோ இருக்கிறார். உன் லாரியை விற்றுவிட்டோம். உன் மகள் சுமதிக்குத் தருமபுரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் வேலை கிடைத்து, தினமும் அதியமான்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறாள். எனக்குத்தான் மண்டை குழம்பிக் கிடக்கிறது.

மலத்தில் ரத்தம் போகிறது என்று நீ முதலில் சொன்னது என்னிடம்தான். உட்கார்ந்தே வண்டி ஓட்டும் சூட்டில் வந்த மூலம் என்று நீயே முடிவு கட்டினாய். நானும் தலையாட்டினேன்.

"உங்க அண்ணிகிட்ட மூச்சு விடாத பாப்பா. ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவா" என்றாய்.

நானும் மூச்சு விடவில்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வரப்பில், மூலத்துக்கு நல்லதென்று துத்திக் கீரையைப் பறித்து, சின்ன வெங்காயம் போட்டு வதக்கி, தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு வாரம் இரண்டு தடவை உன்னிடம் வந்தேன். ஒரு வருஷம் அப்படியே ஓடியது. குடலில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன அன்றும் என் பையில் கீரை இருந்தது.

போன வாரம் சுமதியிடம் கேட்டேன், எதிர்ப்புச் சக்தி என்று ஒன்று உண்டே, அது உங்கப்பா உடம்பில் என்ன செய்துகொண்டிருந்தது என்று. நோயோடு சண்டை போடவும் புண்ணை ஆற்றவும் உடம்பே செல்களை அனுப்புமாம். புற்றுநோய்க் கட்டியில் உள்ள செல்கள் அவற்றில் சிலவற்றைத் தம் பக்கம் திருப்பிவிடுமாம். பிறகு அவையே கட்டிக்கு ரத்தக்குழாய் வளர உதவுமாம், அழிக்க வரும் மற்ற செல்களையும் தடுக்குமாம்.

காவல் நாய் திருடனோடு சேர்ந்துகொண்ட கதையா என்றேன்.

"அப்டி இல்லீங்க அத்த. அதுங்க கெட்டதுங்க இல்ல. புண்ண ஆத்தற வேலையத்தான் செய்யுதுங்க. அந்த வேலையே கட்டிய வளத்துருது."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை அண்ணா. நானும் ஆற்றத்தானே வந்தேன்? கீரைக் கதையை அவளிடம் மட்டும் சொன்னேன். அதனால் நீ சாகவில்லை என்று சுமதி அடித்துச் சொல்கிறாள். நாள் கடந்ததுதான் தப்பு என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நாளைக் கடத்தியது யார், நீயா நானா? உன் மேல் கோபம் வருகிறது. அடுத்த நிமிஷமே என் மேல் வருகிறது. பாசமாகச் செய்ததும் தப்பாகுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு மாதமாக எனக்கும் ரத்தம் போகிறது. வெறும் மூலமாகவும் இருக்கலாம். நேற்றுக் காலையில் யாருக்கும் சொல்லாமல் வரப்பில் துத்தி பறித்தேன். மடி நிறைந்த பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

அந்தக் கீரையோடு பஸ் ஏறி அண்ணி முன்னால் போய் நின்றேன். என் கதையைச் சொன்னேன். உன்னுடைய அந்த ஒரு வருஷத்தையும் சொல்லிவிட்டேன். அண்ணி என்னை மன்னித்தாரா என்று இப்போதும் தெரியவில்லை.

"திங்கக்கெழம கெளம்பி இரு. நானும் கூட வர்றன்" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் குழாயில் கேமரா வைத்துக் குடலுக்குள் விட்டுப் பார்ப்பார்களாம். பயமாக இருக்கிறது. ஆனாலும் போவேன். உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன், போவேன் என்கிற இந்த வாக்கை மீற மாட்டேன்.

உன் பேச்சை அன்றைக்கே தட்டியிருக்க வேண்டிய
தங்கச்சி