செவிட்டுக் காதில் ஒரு குரல்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? அலாஸ்கா மீன் தொழிற்சாலையில் நான் நலம்தான்.

வக்கீல் தெல்மா போன் செய்தார். "லூசியன், ரெண்டாவது கேஸையும் தள்ளுபடி பண்ணிட்டாங்க. மத்திய அரசு மேல போட்டதுல தோத்துட்டோம்ல? அதே சம்பவத்துக்கு அந்த ரெண்டு மத்திய போலீஸ்காரங்க மேல தனியா கேஸ் நடத்த முடியாதாம்."

"அவங்க என்னை அடிச்சது தப்பா இல்லையா?"

"அதை இனி எந்தக் கோர்ட்டும் கேட்காதுப்பா."

ஒரு வேடிக்கை சொல்கிறேன், பயப்படாதீர்கள். போனை வைத்துவிட்டு வந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அடித்துச் செவிடாக்கிய என் இடது காதுக்குள், அன்று கேட்ட அதே குரல், "கையைத் தூக்குடா!" என்றது. கத்தியைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினேன்.

பக்கத்தில் வேலை செய்யும் ரெனால்டோ, "என்னய்யா, செத்த மீன்கிட்டயா சரணடையுறே?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கைகள் மட்டும் இறங்கவில்லை. கடைசியில் ரெனால்டோதான் சிரிப்பை நிறுத்திவிட்டு, என் மணிக்கட்டுகளைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டான்.

காதை மூடும் கம்பளித் தொப்பி ஒன்று அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் கொஞ்சம் அதிக நேரம் பேசுங்கள், அம்மா. பக்கத்து வீட்டுக் கதையானாலும் சரி. நீங்கள் பேசும்போது அந்தக் குரல் பேசுவதில்லை.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் லூசியன்