என் பேரில் எழுதிய மாத்திரை

அக். 22, புதன்

விடியலிலிருந்து மழை. மூன்று நாள் துணி காயவில்லை. அடுப்பங்கரையில் கொடி கட்டியாயிற்று.

இவருக்குச் சஷ்டி விரதம் ஆரம்பம். பச்சை வேட்டி, பச்சைத் துண்டு. ஆறு நாளும் சோறு கிடையாது. துளசித் தண்ணீர், சாயங்காலம் ஒரு டம்ளர் பால். லோடு ஆட்டோவுக்கு மட்டும் விரதம் இல்லை. நெல் மூட்டை ஏற்றப் போகும்முன் வலி மாத்திரையைத் துளசித் தண்ணீரில் விழுங்கினார்.

"வெறும் வயித்துலயா?"

"மாத்திரை சோத்துல சேர்த்தியாட்டி? மருந்து தின்னா விரதம் முறியாது."

விரதத்தைப் பற்றி யார் கேட்டது? அந்தப் பச்சைத் துண்டைப் பார்த்தாலே எரிகிறது.

அக். 23, வியாழன்

வாங்க: உளுந்து, தீப்பெட்டி, பினாயில், எனக்கு இருமல் மருந்து.

பள்ளிக்கூட ஆபீஸிலிருந்து வரும் வழியில் மெடிக்கல். நான் கிளார்க், ஊருக்கு டீச்சர்.

"என்ன டீச்சர், தோள்பட்டை இன்னும் சரியாவலியா?" என்றார் கடை அண்ணாச்சி.

"அது அப்பவே சரியாயிட்டே."

"பொறவு உங்க வீட்டுக்காரர் வாராவாரம் மாத்திரை அட்டை வாங்கிட்டுப் போறாவளே! போன்ல உங்க சீட்டைத்தான் காட்டுதாவ."

என் சீட்டு. என் பெயர், பெண், வயது 44, வலது தோள். ஆடியில் திருநெல்வேலி டாக்டர் எழுதியது.

"அதுல அஞ்சு நாளைக்குத்தான் எழுதியிருக்கு, அண்ணாச்சி."

"வலிக்குத் தேதி உண்டுமா, டீச்சர்?"

பக்கத்தில் நின்ற ஆள் சிரித்தான். எனக்கு வாயில் வந்ததைச் சொல்லவில்லை. "இனிமே குடுக்காதீங்க" என்று மட்டும். "நான் குடுக்கலேன்னா அம்பாசமுத்திரத்துல வாங்குவாவ" என்றார். உளுந்து மறந்துபோயிற்று.

அக். 24, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம்.

டாக்டர் அன்று சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம். சாப்பிட்ட பிறகு மட்டும். வெறும் வயிற்றில் கூடாது. ஐந்து நாளுக்கு மேல் வேண்டுமென்றால் திரும்ப வந்து காட்ட வேண்டும். கூடவே சாப்பாட்டுக்கு முன் ஒரு காப்சூல், வயிற்றைக் காக்க. வயிறு எரிந்தாலோ கறுப்பாகப் போனாலோ நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும்.

காப்சூலை இவர் வாங்குவதே இல்லை. "அது வயித்து வலிக்கு. எனக்கு இடுப்புல்லா வலிக்கி."

இதையும் எழுதிவிட வேண்டும். முதலில் கொடுத்தது நான். எனக்கு எழுதியதில் மீந்த நாலு. அன்று இவர் முனகாமல் தூங்கினார், நானும் தூங்கினேன். அப்புறம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவே இல்லை.

அக். 25, சனி

சட்டைப் பையில் இருந்த அட்டையை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். சோறு தின்னாதவர் அங்கே கை விடமாட்டார்.

வீடு கிடுகிடுத்தது. "மூட்டையை நீயா தூக்குத? உன் பேருல வாங்குனா உனக்கு என்ன கேடு?"

"என் பேருல வாங்கி உங்க வயித்தைப் புண்ணாக்குதீங்க."

"பெரிய டாக்டரு!"

ஆட்டோவுக்குப் போனார், வேறொரு அட்டையோடு வந்தார். என் முகத்துக்கு நேரே ஒன்றைப் பிதுக்கினார். காலையில் போட்டது போக இது இரண்டாவது.

தோசைக்கல்லைத் தேய் தேய் என்று தேய்த்தேன்.

அக். 26, ஞாயிறு

காலையில் கக்கூஸிலிருந்து வந்ததும் திருச்செந்தூரில் இருக்கும் தன் அக்காவுக்கு இவர் போன் போட்டார். ஸ்பீக்கரில், ஊர் கேட்கிற மாதிரி.

"ரெண்டு நாளா தாரு மாதிரி கறுப்பா போவுதுக்கா. உள்ள கெடந்த அழுக்கெல்லாம் வெளியேறுது."

"முருகன் கழுவி விடுதான்லே! நாளைக்குச் சூரசம்காரத்துக்கு வந்துரு."

"அது அழுக்கில்ல, ரத்தம்" என்றேன்.

"ரத்தம்னா செவப்பால்லா இருக்கும்? பி.எஸ்சி. படிச்சவளுக்கு இது தெரியலியே!" அந்தப் பக்கம் மதினி சிரிப்பது கேட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், மூன்று தடவை. விரதம் முடியட்டும் என்றார். முகம் வெளுத்திருந்தது. அதைத் தேஜஸ் என்றாள் எதிர்வீட்டுக்காரி. நாலாவது தடவை நான் கூப்பிடவில்லை. கோபம். எப்படியும் போ என்று இருந்தது.

அக். 27, திங்கள்

திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறப் படியில் கால் வைத்தார். அப்படியே சரிந்தார். பிடித்தேன். முழுக் கனமும் என் வலது தோளில்.

திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரி. வழியில் ஆம்புலன்ஸில் வாந்தி, காப்பித் தூள் மாதிரி. என்ன மாத்திரை என்று டூட்டி டாக்டர் கேட்டார். சின்னப் பெண். இவர் போனிலிருந்த சீட்டைக் காட்டினார்.

"இது ஒரு லேடி பேரு. யார் இவங்க?"

"நான்தான்."

அவள் என்னைப் பார்த்த பார்வை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். சிவப்பாகத்தான் இருந்தது.

அக். 28, செவ்வாய்

குழாய் விட்டுப் பார்த்து, வயிற்றுப் புண்ணில் கசிவை அடைத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியுமாம்.

மதினி விபூதியோடு வந்தாள். "விரதத்தை முடிக்க விடாம இங்கன கொண்டாந்து போட்டுட்டாளே!" வார்டே திரும்பிப் பார்த்தது.

இவர் கண் திறந்து சொன்ன முதல் வார்த்தை: "இடுப்பு வலிக்கிட்டி."

நர்ஸ் கேட்டாள்: "வீட்டுல அந்த மாத்திரை இன்னும் இருக்காம்மா?"

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கை தலைக்கு மேல் போகவில்லை. அதே தோள், ஆடியில் இருந்ததைவிட மோசம். உலை வைக்க டிரம்மைத் திறந்தால் அரிசிக்குள் அட்டை. ஆறு மிச்சம். சீட்டு என் பேரில்தான்.

சாப்பிட்ட பிறகு மட்டும் என்றிருந்தார் டாக்டர். நான் இன்னும் சாப்பிடவில்லை.